பெயரை மறைத்தாலும் ஆள் தெரிய வேண்டும்: பிடித்த கார்ட்டூன் தொடரிலிருந்து நாமே கார்டு செய்வது

ட்ரம்ப் கார்டு விளையாடியவர்களுக்கு நினைவிருக்கும். மல்யுத்த வீரர் ஒருவரின் படம், கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று வரிசையாக எண்கள். ஒருவன் "எடை" என்பான். யாருடைய எண் பெரிதோ அவனுக்கு இரண்டு கார்டும். அந்தக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, படத்தையும் பெயரையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். மிச்சமிருக்கும் எண்களை வைத்து அது யாரென்று சொல்ல முடியுமா? மனப்பாடம் செய்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆறடி எட்டங்குலம் என்பது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

சொந்தமாக டிரேடிங் கார்டு செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். பிடித்த தொடரிலிருந்து படம் எடுப்பார்கள், தங்க நிற பார்டர் போடுவார்கள், கீழே "தாக்குதல் 9000" என்று எழுதுவார்கள். பார்க்க அருமையாக இருக்கும். விளையாட உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வரும். ஏனென்றால் கட்டில் இருப்பதெல்லாம் ஒரே கார்டுதான், படம் மட்டும் மாறுகிறது. நல்ல கார்டில் படத்தை மறைத்தாலும், தொடரைப் பார்த்த ஒருவர் விதியை மட்டும் படித்துவிட்டு "அட, இது அவராச்சே" என்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டைவிரல் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டே மற்றதைப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 'ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்'. 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஐந்து சீசன்களாக, 95 எபிசோடுகள் வந்த தொடர். 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வந்ததால், பள்ளி விட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் முன் உட்கார்ந்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. கார்டு செய்யப் பழக இதைவிடத் தோதான தொடர் எனக்குத் தோன்றவில்லை. காரணம், அதில் நாயகன் ஜாக்கியும் வில்லன்களும் போட்டி போட்டுத் தேடும் பன்னிரண்டு மந்திரத் தாயத்துகள். சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகள், ஆளுக்கு ஒரு சக்தி. பாதி வேலையைக் கதை எழுதியவர்களே செய்து கொடுத்துவிட்டார்கள்.

முதலில், இந்தக் கார்டு என்பது என்ன

டிரேடிங் கார்டு என்ற பெயரில் இரண்டு வகை புழங்குகின்றன. ஒன்று, சேர்ப்பதற்கானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தார்கள். அந்த அட்டை சும்மா ஏன் இருக்க வேண்டுமென்று நடிகைகள், விளையாட்டு வீரர்கள் படத்தை அச்சடித்தார்கள். அதுவே பிறகு பபிள்கம்முக்குத் தாவியது. இன்னொன்று, விளையாடுவதற்கானது. சேர்ப்பதையும் விளையாடுவதையும் ஒன்றாக்கி 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' தான் இன்றைய டிரேடிங் கார்டு விளையாட்டுகளுக்கெல்லாம் தாத்தா. இந்தக் கட்டுரையில் நாம் செய்யப்போவது இரண்டாவது வகை.

தொடருக்கும் கார்டுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பது போல எப்போதும் நேராக இருப்பதில்லை. போகிமான் கார்டுகள் டிவி தொடரிலிருந்து வந்தவை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஜப்பானில் கார்டுகள் 1996 அக்டோபரிலேயே வந்துவிட்டன. டிவி தொடர் தொடங்கியது 1997 ஏப்ரலில். இரண்டுக்கும் மூலம் அதற்கு முன் வந்த வீடியோ கேம். யூ-கி-ஓ கதை வேறு. அங்கே காமிக்ஸில் வரும் பாத்திரங்கள் விளையாடும் கற்பனை விளையாட்டு பிறகு நிஜமான கார்டாக வந்தது. கதையில் நாயகன் தோற்கப்போகிற நேரத்தில் விதியை வளைத்து ஒரு திருப்பம் வைக்கலாம். மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் "இது எந்த விதியில் இருக்கு?" என்று கேட்பான். கதையில் வேலை செய்யும் சக்தி மேசையில் அப்படியே வேலை செய்யாது. இதை எனக்கு நாய்த் தாயத்து கற்றுக்கொடுத்தது, அங்கே வருகிறேன்.

ஒரு கார்டில் சாதாரணமாக இருப்பவை: பெயர், படம், விலை, தாக்கு (எவ்வளவு அடிக்கும்), உயிர் (எவ்வளவு அடி தாங்கும்), திறன், கீழே ஒரு வரி வசனம். இவற்றில் விலை என்பதுதான் புதியவர்களுக்குப் பிடிபடாது. அது ரூபாய் விலை இல்லை. அந்தக் கார்டை மேசையில் இறக்குவதற்கு விளையாட்டுக்குள் நீங்கள் செலவழிக்கும் சக்தி. மேஜிக்கில் அதற்கு மானா, போகிமானில் எனர்ஜி. நம் தொடரில் மந்திரமெல்லாம் 'சி' என்கிற உயிர்ச்சக்தியில் நடப்பதால் நாமும் 'சி' என்றே வைத்துக்கொள்வோம். குறிலாகவே சொல்லுங்கள், நீட்டினால் எதிராளி கோபித்துக்கொள்வான். முதல் சுற்றில் ஆளுக்கு 1 சி, இரண்டாவதில் 2, இப்படி ஏறும். ஆரம்பத்தில் சின்ன ஆட்கள், போகப் போகப் பெரிய ஆட்கள் இறங்குவார்கள். விலை என்ற ஒன்று இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே தொடரின் பெரிய வில்லனான பேய் ஷென்டு இறங்கி எல்லாரையும் எரித்துவிடுவான், ஆட்டம் முடிந்தது.

ஆட்களை விதியாக எழுதுவது

ஆட்களுக்கு முன்னால் தொடரின் சட்டம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். எந்தத் தொடரிலும் அந்த உலகத்துக்கென்று மீற முடியாத ஒரு விஷயம் இருக்கும். இதில் அது ஜாக்கியின் வீட்டுப் பெரியவரும் மந்திரம் தெரிந்தவருமான அங்கிள் அடிக்கடி சொல்வது: மந்திரத்தை மந்திரத்தால்தான் வெல்ல முடியும். ஜாக்கி எவ்வளவு உதைத்தாலும் பேய் விழாது, அங்கிள் மந்திரம் போட்டால்தான் விழும். இதை அப்படியே விளையாட்டு விதியாக்கினேன். "பேய் வகைக் கார்டுகளைத் தாக்குதலால் வீழ்த்த முடியாது, மந்திரக் கார்டால் மட்டுமே முடியும்." ஒரே வரிதான். ஆனால் இந்த ஒரு வரியால் கட்டில் ஜாக்கியும் தேவைப்படுகிறார், அங்கிளும் தேவைப்படுகிறார். அடிக்கிற ஆட்களை மட்டும் அடுக்கி வைத்தவன் பேய் வந்ததும் முழிப்பான். தொடரிலும் அப்படித்தானே?

இனி அங்கிள். மூக்குக்கண்ணாடி, பழம்பொருள் கடை, எரிச்சல். ஆனால் அவரை அவராக்குவது ஒரு பழக்கம். திட்டி முடித்துவிட்டுப் போவார், திரும்பி வந்து "இன்னொரு விஷயம்!" என்பார். மறுபடி போவார், மறுபடி "இன்னொரு விஷயம்!" இதை எப்படி விதியாக்குவது? "நீங்கள் ஒரு மந்திரக் கார்டை இறக்கியதும், கட்டிலிருந்து ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம்." ஒன்று முடிந்ததும் இன்னொன்று கையில் வந்து நிற்கிறது. படத்தை மறைத்துவிட்டு என் மாமா பையனிடம் இந்த வரியை மட்டும் காட்டினேன். இரண்டு நொடி யோசித்தான். பிறகு "இன்னொரு விஷயம்!" என்று அந்தக் குரலிலேயே கத்தினான். கார்டு தேறிவிட்டது.

ஜாக்கிக்கு மகள் முறையான சிறுமி ஜேடைப் பொறுத்தவரை ஒரே விஷயம்தான். "நீ இங்கேயே இரு" என்று ஜாக்கி சொல்லிவிட்டுப் போவார், சண்டை நடக்கும் இடத்தில் அவள் அவருக்கு முன்னால் நிற்பாள். எனவே: "எதிராளி உங்களைத் தாக்கும்போது, ஜேடைக் கையிலிருந்து விலையில்லாமல் இறக்கலாம்." கூடவே ஒரு தொல்லையும் வேண்டும், ஏனென்றால் அவள் வந்தால் ஜாக்கிக்குத் தலைவலி கூடுமே தவிரக் குறையாது. "எதிராளி ஜேடைத் தாக்கினால், உங்கள் ஜாக்கி குறுக்கே வர வேண்டும்." வரலாம் என்று எழுதவில்லை, வர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லில் சித்தப்பா-மகள் உறவு முழுக்க வந்துவிட்டது என்று எனக்கு ஒரு சின்ன பெருமை.

ஜாக்கி கையில் ஆயுதமே இருக்காது. நாற்காலி, ஏணி, துடைப்பம், எது கிடைக்கிறதோ அதை வைத்துச் சமாளிப்பார். "ஜாக்கி தாக்கும்போது, கழித்த குவியலில் இருந்து ஒரு பொருள் கார்டை எடுத்து அந்தத் தாக்குதலுக்கு மட்டும் பயன்படுத்தலாம்." அடுத்தவர் வேண்டாம் என்று போட்டது அவருக்கு ஆயுதம்.

டோருதான் எனக்கு மிகவும் பிடித்த கார்டு. மலை போல இருப்பான், முதலில் கெட்டவர்கள் பக்கம், பிறகு இந்தப் பக்கம் வந்து அங்கிளிடம் சீடனாகவே சேர்ந்துவிடுவான். விலைக்கு மீறிய பலம் கொடுத்து, இப்படி எழுதினேன்: "டோரு தோற்றால் கழித்த குவியலுக்குப் போக மாட்டான். எதிராளியின் பக்கம் போய் நிற்பான்." அவனை இறக்குகிறவனுக்கு உடனே லாபம், ஆனால் உள்ளுக்குள் ஒரு நடுக்கம்.

ஃபின், ராட்சோ, சௌ என்று மூன்று அடியாட்கள் வருவார்களே, அவர்களை ஒரே கார்டில் போட்டுவிடலாம். தனித்தனியாக அவர்களுக்கு மதிப்பில்லை.

விலை போடுவது எப்படி

இதற்கு அடிப்படை ஒன்று வேண்டும். எந்தத் திறனும் இல்லாத, வெறும் அடியாள் கார்டு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: தாக்கும் உயிரும் சேர்ந்து விலையைப் போல இரண்டு மடங்கு. 2 சி கொடுத்தால் மொத்தம் 4, 3 சி கொடுத்தால் மொத்தம் 6. திறன் இருந்தால் அதற்கு ஈடாக எண்ணிலிருந்து குறைக்க வேண்டும், தொல்லை இருந்தால் கூட்டலாம். அங்கிளுக்கு விலை 3, தாக்கு 1, உயிர் 3. மொத்தம் 4தான். குறைகிற 2 அந்த 'இன்னொரு விஷயத்துக்கு' நாம் கொடுத்த விலை. டோருவுக்கு விலை 4, தாக்கு 5, உயிர் 5. கணக்குப்படி 8தான் வர வேண்டும், 10 கொடுத்திருக்கிறோம். கட்சி மாறுவான் என்பதால் அந்தச் சலுகை.

ஆனால் இந்தக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். மேஜிக்கின் 1993 முதல் தொகுப்பில் ஐந்து நிறங்களுக்கு ஐந்து கார்டுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் விலை 1 மானா, எல்லாம் மூன்று ஏதோ ஒன்றைத் தரும். ஒன்று எதிராளிக்கு 3 அடி கொடுக்கும். ஒன்று 3 உயிர் மீட்கும் அல்லது 3 அடியைத் தடுக்கும். ஒன்று உங்கள் ஆளுக்கு அந்தச் சுற்றில் தாக்கிலும் தாங்கும் வலுவிலும் மும்மூன்று கூட்டும். ஒன்று 3 மானா தரும். கடைசி ஒன்று 3 கார்டு எடுக்க விடும். காகிதத்தில் என்ன அழகான சமத்துவம்! நடந்தது வேறு. 3 கார்டு எடுக்கிற 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்' அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிகப் பலமான கார்டுகளில் ஒன்றாகி, போட்டிகளில் தடையோ கட்டுப்பாடோ போட வேண்டிய நிலை வந்தது. 3 உயிர் மீட்கும் 'ஹீலிங் சால்வ்' கார்டைத் தங்கள் கட்டில் வைப்பவர்கள் அரிது. கார்டு எடுப்பது என்றால் அடுத்து என்ன செய்வது என்ற தேர்வுகள் மூன்று கூடுதலாகக் கிடைக்கின்றன என்று பொருள். உயிர் கூடுவது சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான்.

யூ-கி-ஓவிலும் இதே கதைதான். எந்தச் செலவும் இல்லாமல் இரண்டு கார்டு எடுக்க விடும் 'பாட் ஆஃப் கிரீட்' என்ற கார்டுக்கு அதிகாரபூர்வப் போட்டிகளில் தடை போட்டார்கள். எனவே புதிதாகச் செய்கிறவர் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம். கார்டு எடுக்கும் திறனுக்கும் சக்தி கூட்டும் திறனுக்கும் நீங்கள் நினைப்பதைவிட அதிக விலை போடுங்கள். என் அங்கிளுக்குக்கூட பிறகு "ஒரு சுற்றில் ஒரு முறை மட்டும்" என்று சேர்க்க வேண்டி வந்தது.

நாய்த் தாயத்து

பன்னிரண்டு தாயத்துகளையும் சொல்லிவிடுகிறேன். எலி, அசையாப் பொருளை அசைய வைக்கும். எருது பலம். புலி, வைத்திருப்பவரை நல்லது கெட்டது என்று இரண்டாகப் பிரிக்கும். முயல் வேகம். டிராகன் வெடிக்கும் நெருப்பு. பாம்பு, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும். குதிரை குணமாக்கும். ஆடு, ஆவியை உடலிலிருந்து பிரித்து உலவ விடும். குரங்கு, விலங்காக உருமாற்றும். சேவல் மிதக்க வைக்கும். பன்றி, கண்ணிலிருந்து அனல் கதிர். நாய், சாகாவரம்.

எருதும் முயலும் சுலபம். தாக்கில் 3 கூட்டு, முதலில் அடி, முடிந்தது. எலி அழகு: "உங்கள் பொருள் கார்டு ஒன்றை, தாக்கு 2, உயிர் 2 உள்ள ஆளாகக் கருதலாம்." புலியில் கொஞ்சம் விளையாடினேன். ஆளை இரண்டு கார்டாகப் பிரித்துப் பலத்தைப் பாதியாக்கி, ஒன்றைத் தாக்க மட்டும், இன்னொன்றைத் தடுக்க மட்டும் என்று வைத்தேன்.

நாயில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் எழுதியது இது: "இதை வைத்திருப்பவர் சாக மாட்டார்." தொடரில் அதுதானே சக்தி? மாமா பையன் அதை ஜாக்கிக்கு மாட்டி முன்னால் நிறுத்தினான். எதை அனுப்பினாலும் ஜாக்கி தடுப்பார், விழ மாட்டார். நான் என் பக்கம் பேய்களை அடுக்கினேன், அவன் கையில் மந்திரமில்லை. யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அத்தை சாப்பிடக் கூப்பிட்டதுதான் ஆட்டத்தை முடித்தது.

இங்கே சுலபமான வழி ஒன்று உண்டு. "சாக மாட்டார்" என்பதை "உயிர் 3 கூடும்" என்று மாற்றிவிடலாம். ஆட்டம் சரியாகிவிடும். ஆனால் கட்டைவிரல் சோதனையில் தோற்றுவிடும், உயிர் 3 கூடுவது எந்தக் கவசத்துக்கும் பொருந்தும். சாகாவரத்தையும் விடக்கூடாது, ஆட்டமும் நகர வேண்டும். தொடரையே மறுபடி யோசித்துப் பார்த்தேன். அதில் தாயத்து யாருக்கும் சொந்தமில்லை. கை மாறிக்கொண்டே இருக்கும். பாதிச் சண்டை அதைப் பிடுங்குவதற்குத்தான். அப்படியானால்: "இதை வைத்திருப்பவர் சாக மாட்டார். அவர் உயிர் 0 ஆனால், 1 உயிரோடு எழுவார், தாயத்து அவரை வீழ்த்தியவரிடம் போகும்."

இது நாய்க்கு மட்டுமான மருந்தாக இல்லாமல், மொத்த விளையாட்டுக்கும் அச்சாணி ஆகிவிட்டது. பன்னிரண்டு தாயத்துக்கும் ஒரே விதி: வைத்திருப்பவரை வீழ்த்தினால் உங்களுக்கு. ஒரு சிக்கலைச் சரிசெய்யப் போய் விளையாட்டு தொடரைப் போலவே மாறிப்போனது. கார்டு செய்வதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அந்த மதியம்தான்.

இதெல்லாம் விளையாடிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதலில் அழகான கார்டே செய்யாதீர்கள். பழைய சீட்டுக்கட்டை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் முன்னால் பேனாவால் எழுதிய துண்டுத்தாளைச் செருகுங்கள். பிடிக்கவில்லையென்றால் தாளைக் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். வடிவமைத்து அச்சடித்த கார்டில் தப்பு இருந்தால் மனசு வராது, தப்பையே நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவோம். இருபது கார்டு போதும் தொடங்க. எடுத்த எடுப்பில் 95 எபிசோடையும் கார்டாக்குகிறேன் என்று இறங்கியவர்கள் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவார்கள். இன்னொன்று, ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

தமிழில் விதி எழுதும்போது

ஆங்கிலத்தில் கார்டு செய்கிறவர்களுக்கு இல்லாத சில தொல்லைகள் நமக்கு உண்டு, சில வசதிகளும் உண்டு.

பேச்சில் நாம் எழுவாயை விழுங்கிவிடுவோம். "தாக்கினால் ஒரு கார்டு எடுக்கலாம்" என்று எழுதினால், யார் தாக்கினால்? யார் எடுக்கலாம்? வீட்டில் சண்டை வரும். "இந்த ஆள் தாக்கினால், நீங்கள்..." என்று இரண்டு பேரையும் எழுதிவிடுங்கள். 'அவன்', 'அவர்' என்று சுட்டுவதையும் தவிர்த்துவிடலாம். ஒரே வரியில் மூன்று ஆட்கள் இருக்கும்போது அவர் என்பது எவர்?

காலத்தையும் கவனிக்க வேண்டும். 'தாக்கும்போது', 'தாக்கியதும்', 'தாக்கினால்' மூன்றும் பேச்சில் ஒன்றுதான், கார்டில் ஒன்றில்லை. நான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறேன்: 'தாக்கும்போது' என்றால் அடி விழுவதற்கு முன், 'தாக்கியதும்' என்றால் அடி விழுந்த பின். 'ஆல்' ஒரு நிபந்தனை மட்டும். எது எதுவென்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எல்லாக் கார்டிலும் அதையே பின்பற்றுங்கள். ஒரு கார்டு 'முடியும்' என்று, இன்னொன்று 'முடியாது' என்று சொன்னால்? மேஜிக்கில் 'முடியாது' தான் ஜெயிக்கும். அந்த ஏற்பாட்டை நாமும் வைத்துக்கொள்ளலாம், பாதித் தகராறு குறையும்.

வசதி எது என்றால், ஒரே சொல்லில் திறனுக்குப் பெயர் வைப்பது. 'மறைவு', 'வேகம்', 'மிதப்பு'. தமிழ்ச் சொற்கள் நீளம், கார்டோ சின்னது. "இந்த ஆளை எதிராளி தன் கார்டுகளால் தேர்ந்தெடுக்க முடியாது" என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் இடம் போதாது. பாம்புத் தாயத்தில் 'மறைவு' என்று போட்டு, விளக்கத்தைத் தனித் தாளில் ஒரு முறை எழுதிவிட்டால் போதும்.

படமும் அச்சும்

பொதுவான கார்டு அளவு 63 × 88 மில்லிமீட்டர். மேஜிக், போகிமான் இரண்டும் இதுவே. யூ-கி-ஓ கொஞ்சம் ஒல்லி, 59 × 86. பெரிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கான உறைகள் சுலபமாகக் கிடைக்கும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் இது 744 × 1039 பிக்சல். வெட்டும்போது கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும் என்பதால், நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னணி நிறத்தை நீட்டி வைக்க வேண்டும். அப்போது 815 × 1110 பிக்சல். ஓரத்திலிருந்து உள்ளே 3 மில்லிமீட்டருக்குள் எழுத்து எதுவும் வரக்கூடாது. ஏ4 தாளில் ஒன்பது கார்டு அடங்கும்.

தொடரிலிருந்து காட்சியைப் படம் பிடித்து ஒட்டலாமா என்று கேட்பார்கள். அந்தக் காலத்து டிவி படம் கிட்டத்தட்ட 640 × 480 பிக்சல். கார்டில் படத்துக்கான இடம் 55 × 40 மில்லிமீட்டர் என்று வைத்தால், தேவை ஏறக்குறைய 650 × 472. முழுக் காட்சியையும் வைத்தால் சரியாக உட்காரும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் பிக்சல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துபோய், அச்சில் மங்கும். இதைவிட, சுமாராக வந்தாலும் நீங்களே வரைவது மேல் என்பது என் கட்சி. வரைகிற கைக்கு எதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று தெரியும். அங்கிளை வரையும்போது நான் உடம்பைவிட நீட்டிய விரலைப் பெரிதாகப் போட்டேன்.

தொடரில் இரவுக் காட்சிகள் அதிகம். திரையில் பளிச்சென்று இருப்பது அச்சில் கரியாக வரும், ஏனென்றால் திரை ஒளியைத் தருகிறது, தாள் தருவதில்லை. கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும் அளவுக்குப் பிரகாசத்தைக் கூட்டிவிட்டு அனுப்புங்கள், ஒரு தாள் மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

தமிழ் எழுத்துக்கு மேலே கொம்பும் கீழே வாலும் உண்டு. ஆங்கில எழுத்துக்கு வைக்கும் வரி இடைவெளி வைத்தால் மேல்வரியின் 'பூ' கீழ்வரியின் 'கீ'யை முட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்கள் சின்ன அளவிலும் படிக்கத் தெளிவாக இருக்கின்றன. பெயருக்கு பலூ தம்பி போட்டால் கார்ட்டூன் களை வரும். ஃபோட்டோஷாப்பில் 'கொ' உடைந்து கொம்பு தனியாக நின்றால், பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை வராது, காசும் இல்லை.

தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு சொல்லுங்கள், மேட் லேமினேஷனோடு. தரமான சீட்டுக்கட்டு அட்டையின் நடுவில் ஒளி புகாத ஒரு அடுக்கு இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தாலும் எதிர்ப்பக்கம் தெரியாது. சாதாரண ஆர்ட் கார்டில் அது இல்லை, அதனால் பின்பக்கம் தெரியாத உறை போட்டுவிடுங்கள். பின்பக்கத்தை இரண்டு முறையாக அச்சடித்தால் நிறம் லேசாக மாறும், எது எந்தக் கார்டு என்று கூர்மையான கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். உறை அதையும் மறைக்கும். அணிகளைப் பிரிக்க பார்டர் நிறம் மட்டும் போதாது, ஒரு சின்னமும் வையுங்கள். நிறக்குருடு உள்ளவர்கள் நம் வீட்டிலும் இருக்கலாம்.

பதிப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. ஜேடும் ஷென்டுவும் நம்முடைய ஆட்கள் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. வீட்டில் நாலு பேர் விளையாட ஒரு கட்டு செய்வது ஒன்று, இருநூறு கட்டு அடித்து விற்பது வேறு. விற்காதீர்கள். வேறு கம்பெனிக் கார்டின் பின்பக்க வடிவமைப்பையும் சின்னங்களையும் எடுத்துப் போடாதீர்கள், அது போலிக் கார்டு ஆகிவிடும். விற்கிற ஆசை வந்தால் சொந்தமாக ஆட்களை உருவாக்க வேண்டியதுதான்.

என் கட்டில் இப்போது 46 கார்டு இருக்கிறது. பதினொரு தாயத்து அச்சுக்குப் போய்விட்டது. ஆடு மட்டும் இன்னும் பேனாத் துண்டிலேயே இருக்கிறது. ஆவி வெளியே உலவும்போது உடல் காலியாகக் கிடக்கும், தொடரில் அந்த உடலுக்குள் வேறு யாராவது புகுந்துவிடுவார்கள். ஆறு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். இப்போதைக்கு இருப்பது: "உங்கள் ஆள் ஒருவரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிராளியின் கைக் கார்டுகளைப் பார்க்கலாம். உங்கள் அடுத்த சுற்று வரை, எதிராளி 2 சி கொடுத்து அந்த ஆளைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளலாம்." மாமா பையன் 2 ரொம்ப மலிவு என்கிறான். ஞாயிற்றுக்கிழமை 3 வைத்து ஆடிப் பார்க்கிறோம்.